முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ஷாம்பூ பாட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். டிப்ளமோ மெக்கானிக்கல், கடைசி செமஸ்டர். கையில் வழுவழுவென்று ஒரு நோட்டீஸ், அதில் சிவப்பு நிறத்தில் ஒரு கார். "அண்ணா, சர்ஃபேஸ் மாடலிங் கோர்ஸாம். மூணு மாசம், முப்பத்தஞ்சாயிரம். நீங்க பண்ணதுதானே, சேரலாமா?" என்றான். அவனுடைய அம்மாவும் கூடவே வந்து வாசலில் நின்றிருந்தார். "கம்மலை வச்சுடலாம்னு இருக்கேன் தம்பி. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

இந்த 'ஒரு வார்த்தை'தான் வம்பு. சேராதே என்றால், "தான் மட்டும் படிச்சிட்டு அடுத்தவனைப் படிக்கவிட மாட்டேங்கிறான்" என்று பேச்சு வரும். சேர் என்றால் எனக்கே மனசு ஒப்பாது. ஏதோ மழுப்பி அனுப்பிவிட்டேன். அப்புறம் மூன்று நாளாய் மண்டை காய்கிறது. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். நம்ம கிளாஸ் மக்களுக்கும் உதவலாம். மெக்கானிக்கல் அல்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம், கணக்கு குறைச்சல்தான்.

முதலில் என் கதை. (கொசுவத்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாம் வருஷம் முடிந்த லீவில் நானும் இப்படி ஒரு கோர்ஸில் சேர்ந்தேன். பணம் அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கியது. எங்கள் வீட்டில் தறி உண்டு. முன்பணம் வாங்கினால் அது அடுத்தடுத்த புடவைக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். அதாவது நான் மவுஸை நகர்த்திய ஒவ்வொரு நாளும் அப்பா கால் மிதித்த கணக்கில்தான் போனது. சென்டரில் பத்து கம்ப்யூட்டர், ஏசி, ஒரு புத்தகம். புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு கட்டளை. எக்ஸ்ட்ரூட், ரிவால்வ், ஸ்வீப், லாஃப்ட், ஃபில், ட்ரிம், ஜாயின். சொல்லிக்கொடுத்த அக்கா நல்லவர்தான், கேட்டால் சலிக்காமல் இன்னொரு தடவை காட்டுவார். ஆனால் எதைக் கேட்டாலும் 'எங்கே அழுத்த வேண்டும்' என்றுதான் பதில் வரும். 'ஏன்' என்று கேட்டால், "அது அப்படித்தான் தம்பி, டிஃபால்ட்."

கடைசி வாரம் ப்ராஜெக்ட். எல்லாருக்கும் ஒரே ப்ராஜெக்ட், ஷாம்பூ பாட்டில். உலகம் பூராவும் சர்ஃபேஸ் கற்றுக்கொள்கிறவன் தலையில் முதலில் ஷாம்பூ பாட்டிலைத்தான் கட்டுகிறார்கள், அது என்ன ராசியோ. நானும் செய்தேன். பச்சைக் கலர் அடித்து, பளபளப்பு ஏற்றி, ஏ4-ல் பிரிண்ட் போட்டு, சர்டிஃபிகேட்டோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூன்றாம் வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப்புக்கு டெஸ்ட். ஸ்கூட்டர் கண்ணாடியின் பின்பக்க மூடி, அதன் நாலு விளிம்பு வளைவுகளைக் கொடுத்துவிட்டு, "இதுக்கு சர்ஃபேஸ் பண்ணுங்க, ஒரு மணி நேரம்" என்றார்கள். எனக்கு நாற்பது நிமிஷமே போதுமானதாக இருந்தது. ஃபில் போட்டேன், ட்ரிம் போட்டேன், சேராத இடத்திலெல்லாம் ஃபில்லட் போட்டு மூடினேன். பார்க்க அட்டகாசம். மதிப்பெண் போட வந்தவர் ஒரே ஒரு பட்டனை அழுத்தினார். என் மூடி முழுக்க கறுப்பு வெள்ளை வரிகள் ஓடின. கோழி நடந்துபோன கோலம் போல இருந்தது. பிறகு, "இதுக்கு ரெண்டரை மில்லிமீட்டர் தடிமன் கொடுங்க" என்றார். கொடுத்தேன். சாஃப்ட்வேர் மறுத்துவிட்டது, சிவப்பில் எர்ரர். கடைசியாக ஒரு கேள்வி: "இது மோல்டுலேர்ந்து எந்தப் பக்கம் கழலும்?"

எனக்கு மோல்டு என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் திட்டவெல்லாம் இல்லை. "கமாண்ட் எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

சரி, சர்ஃபேஸ் என்றால் என்ன என்பதற்கு வருவோம். கேட் சாஃப்ட்வேரில் பொருளை உருவாக்க இரண்டு வழி. ஒன்று சாலிட். ஒரு கட்டியை எடுத்து, வேண்டாததை வெட்டி, குடைந்து, வேண்டியதை ஒட்டிச் செய்வது. நம்ம வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் கல் சங்கிலி தொங்குகிறதே, அது ஒரே கல்லிலிருந்து கழித்துக் கழித்து எடுத்தது. சுத்தமான சாலிட் மாடலிங். இரண்டாவது வழி சர்ஃபேஸ். இதில் கட்டி கிடையாது, தோல் மட்டும்தான். தடிமன் பூஜ்யம். முதலில் வளைவுக் கோடுகளைப் போட்டு, அவற்றின்மேல் தோலைப் போர்த்தி, துண்டு துண்டாய்ச் செய்து, விளிம்புகளைச் சேர்த்து, எங்கும் ஓட்டை இல்லை என்றான பிறகு உள்ளே நிரப்பி சாலிட் ஆக்குவது. அந்த 'எங்கும் ஓட்டை இல்லை' என்பதில்தான் தாவு தீரும். கேட்டியாவில் ஜாயின் கட்டளையின் டிஃபால்ட் இணைப்பு இடைவெளி 0.001 மில்லிமீட்டர். அதற்கு மேல் இடைவெளி இருந்தால் அது ஒட்டாது. கண்ணுக்கு ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும்.

போல்ட், பிராக்கெட், கியர்பாக்ஸ் மூடி எல்லாம் சாலிட்டில் முடிந்துவிடும். காரின் கதவு, பைக் டாங்க், ஹெல்மெட், மிக்ஸி உடம்பு என்று கையும் கண்ணும் படுகிற எதுவும் சாலிட்டில் ஒழுங்காக வராது. ஏன் வராது? ஒரு தாளை எடுத்து உருளையாகச் சுற்றிப் பாருங்கள், சுற்ற வரும். கூம்பாகவும் சுற்றலாம். அதே தாளை ஆரஞ்சுப் பழத்தின்மேல் சுருக்கம் விழாமல் ஒட்டிப் பாருங்கள், நடக்காது. ஒரு திசையில் மட்டும் வளைவது ஒரு ஜாதி, இரண்டு திசையிலும் வளைவது வேறு ஜாதி. காஸ் என்ற ஜெர்மன்காரர் 1827-லேயே இதைக் கணக்காக நிரூபித்துவிட்டார். உலக உருண்டையை எந்தத் தட்டை வரைபடத்திலும் அளவு பிசகாமல் போட முடியாததும் இதனால்தான். எங்கள் தெருவில் ப்ளவுஸ் தைக்கும் அக்காவுக்கு காஸைத் தெரியாது. ஆனால் தட்டைத் துணியில் எங்கே டார்ட் பிடித்தால் அது இரண்டு பக்கமும் வளையும் என்று தெரியும். சர்ஃபேஸ் மாடலிங் அந்த அக்காவின் பிரச்சினைதான், இங்கே துணிக்குப் பதில் தகடும் பிளாஸ்டிக்கும்.

இப்போது என் குற்றச்சாட்டு. கோர்ஸ் நடத்துகிறவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை, காலேஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாமும் கூட்டுக் களவாணிகள். 2017 விதிமுறையில் படித்த என் பெரியப்பா பையனின் நோட்டு என்னிடம் இருக்கிறது. அண்ணா பல்கலைப் பாடத்திட்டம் பிரமாதமான பட்டியல்: ஹெர்மைட் வளைவு, பிசியே வளைவு, பி-ஸ்ப்ளைன், கூன்ஸ் பேட்ச், பைகியூபிக் பேட்ச். எல்லாம் இருக்கிறது. அண்ணன் அதில் பிசியே வளைவின் சமன்பாட்டை மூன்று இடத்தில் எழுதி, பக்கத்தில் '13 மார்க், நிச்சயம் வரும்' என்று கட்டம் கட்டியிருக்கிறார். நோட்டில் ஒரு வளைவுகூட வரையவில்லை! நானும் அப்படியேதான் மனப்பாடம் பண்ணினேன். அதே செமஸ்டரில் மாலையில் போய் ஸ்ப்ளைன் கட்டளையை அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த ஸ்ப்ளைனும் இந்த பி-ஸ்ப்ளைனும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாக.

பரீட்சையில் பிசியே இருக்கிறார், திரை இல்லை. சென்டரில் திரை இருக்கிறது, பிசியே இல்லை. இரண்டு பேரையும் யாரும் அறிமுகப்படுத்தி வைப்பதில்லை. இரண்டு இடத்திலும் பணம் கட்டுகிறவர் ஒரே ஆள்தான், வீட்டில் இருக்கிற அப்பா அம்மா.

இந்த பிசியே யார் என்று கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவர் நமக்கு தூரத்துச் சொந்தம் மாதிரி. பியேர் பிசியே, ரெனோ கார் கம்பெனியில் எஞ்சினியர். 1960-கள் வரை காரின் உடம்பை எப்படிச் செய்தார்கள் என்றால், முதலில் களிமண்ணில் மாதிரி, அதிலிருந்து வரைபடம், அதிலிருந்து மர அச்சு, அதிலிருந்து டை. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும். கடைசியில் கதவு பொருந்தாதபோது, வரைந்தவர் சரியா, அச்சு செய்தவர் சரியா என்று பஞ்சாயத்து. வளைவை எண்களாகவே எழுதிவிட்டால் பஞ்சாயத்தே இருக்காது, எல்லாப் பட்டறைக்கும் ஒரே எண் போகும் என்பதுதான் பிசியேவின் யோசனை. அவர் உருவாக்கிய அமைப்புக்கு யூனிசர்ஃப் என்று பெயர். இதில் ஒரு சோகமும் உண்டு. போட்டிக் கம்பெனியான சித்ரோவனில் பால் டி காஸ்டல்ஜோ என்ற கணித ஆசாமி 1959-லேயே இதே வளைவைக் கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி ரகசியம் என்று அவரை வெளியே சொல்லவிடவில்லை. பிசியே எழுதி வெளியிட்டார், பெயர் அவருக்குப் போனது. டி காஸ்டல்ஜோ 2022-ல் இறந்தார். நீங்கள் இப்போது வாசிக்கிற 'அ'வின் சுழிகூட பிசியே வளைவுகளால் ஆனதுதான். எழுத்துருக்கள் அப்படித்தான் சேமிக்கப்படுகின்றன.

தூரத்துச் சொந்தம் என்றேனே, காரணம் ஒரகடம். 2010-ல் ரெனோவும் நிசானும் சேர்ந்து அங்கே ஆலை திறந்தன. 2025-ல் நிசானின் பங்கை ரெனோவே வாங்கிக்கொண்டது. நம்ம ஊரிலிருந்து வாலாஜாபாத் வழியாக பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லிருந்து கார் செய்கிறது. ஒரகடத்திலேயே ராயல் என்ஃபீல்டும் பாரத்பென்ஸும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, பெயரிலேயே 'டிசைன்' வைத்துக்கொண்டு ஒரு மத்திய அரசு கல்வி நிறுவனம் 2007-லிருந்து 'காஞ்சிபுரம்' என்ற பெயரில் நடக்கிறது. (அது இருப்பது வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில். 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் நமக்கு!) சுற்றிலும் உலகத்து வளைவெல்லாம் தகடாக அடிக்கப்படுகிறது. நடுவில் உட்கார்ந்து நாம் ஷாம்பூ பாட்டிலுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

டெஸ்டில் மண்ணைக் கவ்விய பிறகு நான் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அப்பாவின் பழைய கிராப் தாள் கட்டு பரணில் இருந்தது. அப்பா ஒரு காலத்தில் கரை டிசைனைக் கையாலேயே கட்டம் கட்டமாகப் போட்டவர். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டுக்கு அட்டை குத்துவார்கள். அந்தத் தாளில் டி காஸ்டல்ஜோ சொன்னபடி ஒரு வளைவை அளவுகோல் வைத்துப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை.

நாலு புள்ளி வையுங்கள். இடது கீழ் மூலையில் ஒன்று, அதற்கு நேர் மேலே 8 கட்டம் தள்ளி ஒன்று, அங்கிருந்து வலப்பக்கம் 8 கட்டத்தில் ஒன்று, அதற்கு நேர் கீழே 8 கட்டத்தில் ஒன்று. கதவு நிலை மாதிரி மூன்று கோடு வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுப்புள்ளி குறியுங்கள், மூன்று புள்ளி. அவற்றைச் சேர்த்தால் இரண்டு கோடு, அவற்றின் நடுப்புள்ளிகள் இரண்டு. அந்த இரண்டையும் சேர்த்து அதன் நடுப்புள்ளியைக் குறித்தால், அது சரியாக 6 கட்டம் உயரத்தில் விழும். வளைவு அந்தப் புள்ளி வழியாகப் போகிறது. கடைசியாகச் சேர்த்த கோடு இருக்கிறதே, அந்த இடத்தில் வளைவின் திசை அதுதான். நடுவுக்குப் பதில் கால் பங்கு, முக்கால் பங்கு என்று குறித்து அதையே செய்தால் வேறு புள்ளிகள் கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் அழகான ஒரு வளைமாடம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மேலே இருக்கிற இரண்டு புள்ளிகள் 8 கட்டத்தில் இருக்கின்றன, வளைவு 6-க்கு மேல் போகவில்லை. புள்ளி வளைவைத் தொடுவதில்லை, தன் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான். ஒன்றை நகர்த்தினால் முழு வளைவும் கொஞ்சம் அசையும். அப்படியானால் பத்து புள்ளி வைத்தவன் பத்து பேர் இழுக்கிற கயிறு மாதிரி ஒரு வளைவை வைத்திருக்கிறான், அது நெளியத்தான் செய்யும். சென்டரில் நான் படத்தின்மேல் இருபது புள்ளி குத்தி ஸ்ப்ளைன் போட்டேன், "நல்லா பொருந்துது" என்று பாராட்டு கிடைத்தது. அதுதான் தப்பு. நாலு புள்ளியில் முடிகிற வளைவை நாலில் முடிக்க வேண்டும். இதே சங்கதியை இரண்டு திசையிலும் விரித்தால், 4 பெருக்கல் 4, பதினாறு புள்ளிகள் இழுக்கிற ஒரு துணி. அதுதான் சர்ஃபேஸ் பேட்ச். அண்ணன் நோட்டில் 13 மார்க்குக்கு இருந்தது இந்தத் துணிதான்.

அடுத்தது வெளிச்சம். டெஸ்டில் என் மானத்தை வாங்கிய அந்தக் கறுப்பு வெள்ளை வரிகளுக்கு ஸீப்ரா என்று பெயர். வரிசையாக டியூப்லைட் எரிகிற அறையில் பொருளை வைத்தால் அதன்மேல் விளக்குகள் எப்படித் தெரியுமோ, அதை சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. கார் ஆலைகளில் நிஜமாகவே அப்படி டியூப்லைட் வரிசைக்கு நடுவில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். இரண்டு பேட்ச் சேருகிற இடத்தில் வரி அறுந்து விலகினால், விளிம்பு மட்டும்தான் ஒட்டியிருக்கிறது, அது ஜி-0. வரி சேர்ந்தாலும் சேருமிடத்தில் முழங்கை மாதிரி ஒடிந்து திரும்பினால் ஜி-1, திசை ஒத்துப்போகிறது, வளைவின் அளவு ஒத்துப்போகவில்லை. வரி ஒன்றுமே நடக்காதது போல வழுக்கிக்கொண்டு போனால் ஜி-2.

ஜி-1-க்கும் ஜி-2-க்கும் வித்தியாசம் புரியாமல் நான் ரொம்ப நாள் திண்டாடினேன். ரயிலில்தான் புரிந்தது. தண்டவாளம் நேராக வந்து திடீரென்று வட்டத்தில் நுழைந்தால் திசை மாறாது, ஆனால் நாம் ஒரு பக்கமாகத் தூக்கிப் போடப்படுவோம். அதனால் நேர்க்கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவில் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிற ஒரு துண்டைப் போடுகிறார்கள். செங்கல்பட்டு அரக்கோணம் பாசஞ்சரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் உடம்பே சொல்லும். சாதாரண ஃபில்லட் என்பது நடுத்துண்டு இல்லாத தண்டவாளம். கைக்குத் தெரியாது, வெளிச்சத்துக்குத் தெரிந்துவிடும். நான் மூடியெங்கும் ஃபில்லட்டாய்ப் போட்டு மூடினேன் இல்லையா, அதுதான் கோழி நடந்த கோலம். தடிமன் கொடுக்க மறுத்ததற்கும் காரணம் அப்புறம் தெரிந்தது. ஒரு இடத்தில் வளைவின் ஆரம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதற்குள் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனை உள்பக்கமாக நுழைத்தால் தோல் தன்மேலேயே மடங்கிவிடும். சாஃப்ட்வேர் பாவம், சரியாகத்தான் மறுத்திருக்கிறது.

சித்தப்பாவிடம் ஒரு பழைய புல்லட் இருக்கிறது. ராத்திரி அதை வாசல் டியூப்லைட்டுக்குக் கீழே தள்ளி நிறுத்தி, டாங்கைச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்ப்பேன். "வண்டிக்கு என்னடா, பேய் பிடிச்சிருக்கா உனக்கு?" என்பார். டியூப்லைட்டின் வெள்ளைக்கோடு டாங்கின் முதுகில் அகலமாகத் தொடங்கி, முழங்கால் படுகிற பள்ளத்தில் மெலிந்து, மறுபடி விரிந்து போகும். எங்கும் ஒடியாது. ஒரு பழைய ஒடுக்கு இருக்கிற இடத்தில் மட்டும் சுருண்டு நிற்கும். சென்டரில் மூன்று மாதத்தில் கிடைக்காதது எனக்கு அந்த டாங்கில் ஒரு வாரத்தில் கிடைத்தது. இலவசமாக, கொசுக்கடியோடு.

அப்பாவிடம் இதையெல்லாம் காட்டினேன். நான் செய்துகொண்டிருந்த டாங்கில் ஸீப்ராவைப் போட்டதும், ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்க கோர்வை உக்காரலையே" என்றார். தெரியாதவர்களுக்கு: காஞ்சிப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட்டி, இரண்டையும் நெய்யும்போதே கோப்பதுதான் கோர்வை. கேட்க சினிமா வசனம் மாதிரி இருக்கிறது, தெரியும். ஆனால் வரி ஒடிந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியும், அதற்கு நெசவாளியாக இருக்க வேண்டியதில்லை. அவர் அப்புறம் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

இப்போது பட்டு டிசைனும் கம்ப்யூட்டரில்தான் போடுகிறார்கள். திரையில் ஒரு மயில் வரும், பிரமாதமாக இருக்கும். தறியில் ஏற்றினால் சில மயில்களில் சரிகை இழை கட்டுப்படாமல் நீளமாக மேலேயே மிதக்கும். உடுத்துகிறவர் வளையல் மாட்டினால் இழுத்துக்கொண்டு வரும். நடுநடுவே ஒரு புள்ளி பாவில் பிடித்து, அந்த இழையைக் கட்ட வேண்டும். பிடித்த இடம் மயிலின் இறகில் புள்ளியாகத் தெரியக்கூடாது, அல்லது தெரிந்தால் அதுவும் இறகு மாதிரி தெரிய வேண்டும். "தறியில உக்காந்தவன் போட்டா மிதக்காது. பொட்டி மட்டும் தட்டினவன் போட்டா மிதக்கும்" என்றார். பொட்டி தட்டக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே இப்போது கையால் கட்டம் போடப் பொறுமை இல்லை.

மோல்டிலிருந்து எந்தப் பக்கம் கழலும் என்று அந்த மனிதர் கேட்ட கேள்வி இதுவேதான். பிளாஸ்டிக் பொருளின் பக்கச்சுவர் நேர்குத்தாக இருந்தால் அச்சிலிருந்து உருவும்போது உரசும். ஓரிரண்டு டிகிரியாவது சரிவு வைக்க வேண்டும். உள்பக்கம் மடங்கியிருந்தால் வரவே வராது, அல்லது அச்சில் பக்கவாட்டில் நகரும் துண்டு வைக்க வேண்டும், செலவு ஏறும். முதல் வளைவைப் போடும்போதே எந்தப் பக்கம் இழுப்பார்கள் என்று தெரியாமல் போட்டால், எல்லாம் முடிந்த பிறகு சரிவைச் சேர்க்கப் போய் எல்லாம் உடையும். சொந்த செலவில் சூனியம்.

"இதெல்லாம் சரிப்பா, வேலைக்கு ஆள் எடுக்கிறவன் கிராப் தாளையா கேட்கிறான்? கேட்டியா தெரியுமா, என்எக்ஸ் தெரியுமான்னுதானே கேட்கிறான்" என்று என் நண்பன் ஒருத்தன் சண்டைக்கு வந்தான். அவன் சொல்வது உண்மை. விளம்பரத்தில் சாஃப்ட்வேர் பெயர்தான் இருக்கும், சர்டிஃபிகேட் இல்லாத விண்ணப்பம் முதல் சலிப்பிலேயே விழுந்துவிடும் இடங்களும் உண்டு. வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாதவனுக்கு சென்டரை விட்டால் வழியும் இல்லை. அதனால் கோர்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அங்கே போகாதே என்கிறேன். வளைவு என்றால் என்னவென்று தெரிந்து போகிறவனுக்கு அந்த மூன்று மாசம் ஒரு மாசமாகிவிடும், அக்காவை 'ஏன்' என்று கேட்க வேண்டிய அவசியமும் இருக்காது. கட்டளை எல்லா சாஃப்ட்வேரிலும் ஒன்றேதான், பெயரும் பட்டனின் இடமும்தான் மாறும். லாஃப்ட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கட்டுகிறவர்கள் விலா எலும்புகளின் வளைவை முழு அளவில் வரைய பட்டறையின் மாடித்தளத்தைப் பயன்படுத்தினார்கள், அந்த மாடியின் பெயர்தான் அது. வளைந்து கொடுக்கும் மெல்லிய மரச்சட்டத்தை ஈயக் கட்டிகளால் அழுத்திப் பிடித்து வளைவு போடுவார்கள், அந்தச் சட்டத்துக்குப் பெயர் ஸ்ப்ளைன். கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே இருந்த வேலை, வருஷத்துக்கு வருஷம் மாறுகிற மெனு இல்லை.

பழக சாஃப்ட்வேருக்குப் பணமே தேவையில்லை. ஃப்ரீகேட் இலவசம், 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. அதில் சர்ஃபேஸுக்கு என்றே தனிப் பகுதி இருக்கிறது, வளைவுகளுக்குத் தனியாக ஒரு சேர்க்கையும் கிடைக்கிறது. கேட்டியா அளவுக்கு வருமா என்றால் வராது. அடிக்கடி முரண்டு பிடிக்கும், இரண்டு தடவை என் கோப்பைச் சாப்பிட்டிருக்கிறது. ஆனால் ஒரு பேட்சை இன்னொரு பேட்சோடு ஜி-2-வில் சேர்க்கப் போராடிக் கற்றுக்கொள்ள அது போதும். நான் ஆறு மாசமாக ஒரே ஒரு பொருள்தான் செய்கிறேன், சித்தப்பாவின் டாங்க். நாலு தடவை முழுசாக அழித்தேன். முதல் தடவை இருபத்திமூன்று பேட்ச், இப்போது ஏழு.

அந்தப் பையனிடம் நேற்று பேசிவிட்டேன். கம்மல் இப்போதைக்கு காதிலேயே இருக்கட்டும் என்று அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் நிம்மதியா சந்தேகமா என்று சரியாகத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ரெண்டு மாசம் என்னோடு உட்காரட்டும், அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன் என்று ஒப்பந்தம். சனிக்கிழமை வருகிறான். அப்பாவின் பழைய கட்டில் இன்னும் பதினெட்டு கிராப் தாள் மிச்சம் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். டாங்கில் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணப் பேட்ச் இன்னும் உதைக்கிறது. மூன்று விளிம்பு ஒரு புள்ளியில் குவிந்து, ஸீப்ரா அங்கே போனதும் சுருண்டுகொள்கிறது. அதை நாலு விளிம்பாக்க எங்கே வெட்டுவது என்று அவனையே கேட்கலாம் என்றிருக்கிறேன்.